லடாக் பயணத்துக்கு அடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கில் லடாக் கிளம்புகிறவர்கள் டயர், செயின், பிரேக் என்று ஒவ்வொன்றையும் தேடித்தேடி வாங்குகிறார்கள். அடுப்பு மட்டும் கடைசி நாளில், கடைக்காரர் கையில் கொடுத்ததாக இருக்கும். எடை எவ்வளவு, பையில் அடங்குமா என்பதெல்லாம் பார்த்தாலே தெரியும், அதை விடுகிறேன்.

எரிபொருளை யோசிக்காமல் அடுப்பை வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. செப்டம்பரில் ஒரு காலை, மணாலி-லே சாலையில் இருக்கும் சார்ச்சுவில் கோவைத் தம்பிகள் இருவர் டீ போட உட்கார்ந்திருந்தார்கள். கேனில் பாதிக்கு மேல் கேஸ் இருக்கிறது, தீயோ விரல்நுனி அளவுக்குத்தான் வருகிறது. "எங்க வேணும்னாலும் எரியும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

நம்மூரில் சுலபமாகக் கிடைக்கும் நீளமான கேனில் பெரும்பாலும் பியூட்டேன்தான். கடல்மட்டத்தில் அது ஆவியாக, வெப்பம் மைனஸ் அரை டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் எரிய எரிய கேன் தானாகவே குளிரும், அழுத்தம் விழும், தீ படுத்துவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேன் குளிரைத் தாங்கும். அது திருகி மாட்டுகிற வகை. லேயில் அந்தக் கேன் கிடைத்தும் தம்பிகளின் அடுப்பில் அது பொருந்தவில்லை. மறுபடி ஓர் அடுப்புக்குக் காசு.

இன்னொன்று. வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு விமானத்தில் போவதாக இருந்தால், கேஸ் கேனை இரண்டிலுமே ஏற்ற விடமாட்டார்கள். போய் இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும். அங்கே எந்த வகை கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள், அப்புறம் அடுப்பு வாங்குங்கள்.

நீண்ட பயணத்துக்கு நான் சொல்வது பெட்ரோல் அடுப்பு. அதே சாலையில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் இருந்த 'அடுத்த பங்க் 365 கி.மீ' பலகையைப் படத்திலாவது பார்க்காத ரைடர் குறைவு. அந்த வழிக்கு எப்படியும் கேனில் பெட்ரோல் கட்டிக்கொண்டுதான் போகிறோம். அடுப்புக்கும் அதுவே ஆகும். டேங்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில், டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்துவிடும் காக் கிடையாது. பெட்ரோல் அடுப்பைப் பற்றவைக்கும்போது முதலில் தீ மேலே எழும்பும், எரிபொருள் வரும் சின்னத் துளையான ஜெட்டும் அடைக்கும். அதனால் வீட்டு மொட்டைமாடியில் நாலைந்து முறை பற்றவைத்து, கழற்றி, துடைத்து மாட்டிப் பழகிய பிறகே கிளம்புங்கள்.

கேன் மேல் உட்காரும் அடுப்பைத் தகடால் முழுக்கச் சுற்றுவது

காற்றைத் தடுக்கிறோம் என்று சூட்டைக் கேன் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கேன் வெடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். கேனைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே அணையுங்கள்.

அந்த அடுப்பில் பெரிய பாத்திரம்

சாயும். வேண்டாம்.

அரிசியை நம்பிப் போவது

சார்ச்சு உயரத்தில், அதாவது சுமார் 4,300 மீட்டரில், தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு சுலபத்தில் வேகாது, நறுக்கென்றே நிற்கும், எரிபொருள்தான் தீரும். குட்டி குக்கர் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அவல், வறுத்த ரவை, சேமியா போதும்.

கூடாரத்துக்குள் பற்றவைப்பது

மழையானாலும் கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது.