விண்டோஸ் மாற்றிய பிறகு திரை கறுத்தால் செய்யக் கூடாதவை

தீபாவளி முடிந்த மூன்றாம் வாரம், காலை ஏழு மணிக்கே போன் வந்தது. ஈரோட்டில் என்னிடம் இரண்டு வருடம் வேலை பழகிவிட்டு, சென்னிமலையில் சொந்தமாகக் கடை போட்ட தம்பி.

"அண்ணா, ஒரு பெட்ஷீட் கடைக்காரருங்க. விண்டோஸ் 11 ஏத்துனதும் ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு. நான் ஃபார்மேட் போட்டுப் புதுசா ஏத்திட்டனுங்ணா. இப்ப டேலியில போட்ட கணக்கு டேட்டா கேக்கறாருங்க. எடுத்தர முடியுமுங்களா?"

"என்ன டிஸ்க்கு?"

"எஸ்எஸ்டிங்ணா."

எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 2016இல் நானும் இதே தவறைச் செய்தவன். அதை அவனுக்கு ஒரு தடவைகூட உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து பனியன் கம்பெனி, தறிப்பட்டறை, மஞ்சள் மண்டி, கோழிப்பண்ணை என்று எங்கு பார்த்தாலும் அப்கிரேட் நடக்கிறது. அதன் பின்னாலேயே கறுப்புத் திரையும் வருகிறது. கேபிளைச் செருகினீர்களா, மானிட்டர் சுவிட்சைப் போட்டீர்களா என்பதை எல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. தொழில் பழகும் பையன்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அடுத்த படியில்தான் சறுக்குகிறார்கள்.

எல்லாக் கறுப்பையும் ஒன்றாகப் பார்ப்பது

சிஸ்டத்தை ஆன் செய்ததும் கம்பெனி லோகோ தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். லோகோ தெரிந்து, அதற்குப் பிறகு திரை கறுத்தால் மானிட்டர், கேபிள், மதர்போர்டு எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. விண்டோஸ் உள்ளே நுழைந்து, திரைக்குப் படம் அனுப்ப உதவும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரை எழுப்பும் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. லோகோவே வரவில்லை என்றால் அது வேறு கதை. அங்கே அப்கிரேடைக் குறை சொல்ல வேண்டாம்.

கறுப்பில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறதா? அப்படியானால் டிரைவர் வேலை செய்கிறது, டெஸ்க்டாப்தான் எழுந்து வரவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்புளோரர் டாட் இஎக்ஸ்இ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

அம்பும் இல்லையா? கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பவானிக்குப் போடும் பி. இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் ஒருமுறை எழுப்பிவிடும். 'பீப்' என்று ஒரு சத்தம் வந்து படம் திரும்பினாலும் திரும்பும். அதற்கும் வரவில்லை என்றால் விண்டோஸ் சாவியோடு பெருந்துறைக்குப் போடும் பி. இல்லாத இரண்டாவது திரைக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தால், ஓரிரு தடவை மாற்றிப் பார்க்கும்போது அது தெரிந்துவிடும்.

மூன்று கறுப்புக்கும் மூன்று வழி. இதைப் பிரிக்காமல் வேலையைத் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும்.

பாதியில் பவர் பட்டனை அமுக்குவது

அப்கிரேட் நடக்கும்போது சிஸ்டம் தானாகவே பல தடவை அணைந்து எழும். நடுவில் திரை சில நிமிடம் கறுத்துக் கிடப்பது வழக்கம்தான். எஸ்எஸ்டி இருந்தால் சீக்கிரம் நகரும். பழைய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். டிஸ்க் விளக்கு மினுங்குகிற வரைக்கும் கையை எடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் சிஸ்டத்துக்கு நான் இரண்டு மணி நேரம் கொடுப்பேன். அதற்கு மேலும் விளக்கில் அசைவே இல்லை என்றால்தான் பட்டன் பக்கம் போவேன்.

பராமரிப்பு மின்தடை நாளில் அப்கிரேட்

யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பித் தொடங்காதீர்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்ததும் ஃபார்மேட்

இதைப் பற்றித்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தது. முதல் ஒரு வருடம் இலவசம் என்றார்கள். 2016இல், கெடு முடிவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று ஊரே பரபரத்தது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரியின் கடைக்கு நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் திரை கறுப்பு. கடையில் ஆள் நிற்கிறார்கள், பில் போட வேண்டும். வியாபாரி என் தலைமாட்டில் நின்றபடி "எப்பங்க முடியும், எப்பங்க முடியும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் டிவிடியைப் போட்டேன், பார்ட்டிஷனை அழித்தேன், முக்கால் மணி நேரத்தில் பளிச்சென்று டெஸ்க்டாப் வந்துவிட்டது. கணக்கு டி டிரைவில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை, திறந்தும் பார்க்கவில்லை. டேலி தன் கணக்கை வழக்கமாக வைப்பது சி டிரைவில், பப்ளிக் ஃபோல்டருக்குள். அங்கேதான் இருந்தது. ஏப்ரலில் இருந்து போட்ட அத்தனை வரவு செலவும் அதோடு போயிற்று.

ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு இரவெல்லாம் தேடினேன். ஃபோட்டோக்கள் வந்தன. கணக்கு ஃபைல்கள் துண்டு துண்டாக வந்து எதுவும் திறக்கவில்லை. கடையைச் சாத்திய பிறகு ராத்திரி எட்டு மணியில் இருந்து, அவருடைய கணக்குப்பிள்ளை பில் புத்தகத்தைப் படிக்க நான் அடித்தேன். பதினொரு ராத்திரி. வியாபாரி ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ஃபார்மேட் போட்ட நான்காம் நாள் அதே திரை மறுபடியும் கறுத்தது. விண்டோஸ் அப்டேட் அந்தப் பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்குப் பொருந்தாத ஒரு டிரைவரைத் தானாகவே இறக்கிப் போட்டிருக்கிறது. முதல் தடவை கறுத்ததும் அதனால்தான். அதாவது, நான் அழித்த கணக்குக்கும் கறுத்த திரைக்கும் சம்பந்தமே இல்லை. அடிப்படை டிரைவரோடு மட்டும் எழும் சேஃப் மோடில் போய்ப் பத்து நிமிடத்தில் டிரைவரைக் கழற்றினேன், படம் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை முதல் நாளே செலவு செய்திருக்கலாம்.

அன்றைக்கு ஹார்டு டிஸ்க். ஃபார்மேட் போட்டாலும் ஃபோட்டோவாவது மிஞ்சியது. இன்றைக்கு எல்லாம் எஸ்எஸ்டி. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்ததும் 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிரிம் என்பது இதுதான். சொன்ன உடனே எஸ்எஸ்டி தன் பாட்டுக்கு அந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடும். எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், நிலைமை அதைவிட மோசம். அதனால்தான் தம்பி "எஸ்எஸ்டிங்ணா" என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

கறுப்புத் திரை என்றால் டேட்டா போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது அப்படியே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. பார்க்காமலேயே எடுக்க நாலு வழி இருக்கிறது.

கடையில் இன்னொரு சிஸ்டம் இருந்தால் அதில் இருந்து நெட்வொர்க்கில் ஷேர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திரை கறுத்திருந்தாலும் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஃபோல்டர் திறக்கும், காப்பி ஆகும். ஷேர் போட்டிருக்கவில்லை என்றால், விண்டோஸ் எழும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். தானாகவே நீலநிற ரிப்பேர் திரைக்குப் போகும். டிஸ்க் விளக்கு ஓய்ந்த பிறகுதான் இது, அப்கிரேட் நடுவில் இல்லை. அங்கே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து நோட்பேட் என்று அடியுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே எல்லா ஃபைலும் என்று மாற்றினால் டிஸ்க் முழுக்கத் தெரியும். அங்கிருந்தே காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டலாம். சி டிரைவ் அந்த இடத்தில் டி அல்லது இ என்று காட்டலாம், பயப்பட வேண்டாம். மூன்றாவது, உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டம் ஏற்றிய பென் டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் பண்ணாமல் சும்மா திறந்து எடுப்பது. இது எதுவும் ஆகவில்லை என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு சிஸ்டத்தில் செருகுவது. அரை மணி நேர வேலை.

கஸ்டமர் அவசரப்படுத்துவார். அவருக்குத் தெரிந்தது திரை ஒன்றுதான். "டேட்டா எடுத்துக்கறனுங்க, அப்புறம் சரி பண்ணித் தாறேன்" என்று சொன்னால் இதுவரை ஒருவரும் என்னிடம் கோபப்பட்டதில்லை.

டிரைவரை விட்டுவிட்டு ரேமைத் துடைப்பது

நம் பக்கம் பஞ்சு ஊர். பல்லடத்திலோ சோமனூரிலோ எந்த சிஸ்டத்தைத் திறந்தாலும் ஃபேனில் பஞ்சு ஒட்டி இருக்கும். அதனால் திரை கறுத்தால் ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது. லோகோவே வராத சிஸ்டத்துக்கு அது சரியான வைத்தியம். லோகோ வந்து, அதுவும் அப்கிரேட் ஆன மறுநாள் கறுத்தால் டிரைவரைப் பாருங்கள்.

ரிப்பேர் திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அமுக்கினால் சேஃப் மோடு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, ரோல் பேக் இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லை என்றால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவரையும் நீக்கு என்ற டிக்கைப் போட்டு. ரீஸ்டார்ட் பண்ணும் முன்னால் நெட்டைக் கழற்றிவிடுங்கள். இதைத்தான் பையன்கள் மறக்கிறார்கள். நெட் இருந்தால் விண்டோஸ் அதே டிரைவரை மறுபடி இறக்கிவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்து அந்த மாடலுக்கான டிரைவரை வேறு சிஸ்டத்தில் இறக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அப்புறம் நெட்டைக் கொடுங்கள்.

டிஸ்க் கிளீனப்

அப்கிரேட் ஆனதும் இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழிக்காதீர்கள். பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் அதில்தான் இருக்கிறது.

பயாஸில் கண்டபடி கை வைப்பது

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டின் செட்டிங். அதில் செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பை அணைப்பது, சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பை கிளியர் செய்வது, பயாஸை ரீசெட் அடிப்பது எல்லாம் கறுப்புத் திரைக்கு மருந்து இல்லை. இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி இருக்கிறது. அதில் இப்படிக் கை வைத்தால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். ரிப்பேர் திரையில் இருந்து டேட்டா எடுக்கும்போதும் கேட்கலாம். அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை யார் திறந்தது, பாஸ்வேர்டு என்ன என்று அப்கிரேட் செய்யும் முன்பே கேட்டு வாங்குங்கள். விற்ற கடைக்காரர் தன் மெயிலில் திறந்து கொடுத்திருந்தால் கீ அவர் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பழைய மெஷினை வற்புறுத்துவது

இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அதற்குப் புது டிரைவர் எழுத யாரும் இல்லை. விண்டோஸ் 10க்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதுவரை ஓட்டச் சொல்லுங்கள்.

உபுண்டுவில் நோமோட்செட்டை நிரந்தரமாக்குவது

கல்லூரிப் பையன்கள் கொண்டுவரும் என்விடியா லேப்டாப்களில் இதைப் பார்க்கிறேன். புதுப் பதிப்புக்குப் போனதும் திரை கறுக்கும். உபுண்டு எழும் முன் வரும் கிரப் மெனுவில் எடிட் கொடுத்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்தால் படம் வரும். கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவிட்டுச் சாதாரணப் படத்தோடு எழச் சொல்லும் சொல் அது. வந்ததும் அதை அப்படியே செட்டிங்கில் எழுதி வைத்துவிடுகிறார்கள். நோமோட்செட் உள்ளே நுழைய மட்டும். நுழைந்த பிறகு என்விடியா டிரைவரை, உபுண்டுவின் மையப் பகுதியான புதிய கெர்னலுக்கு மறுபடி போட்டு, செக்யூர் பூட் சாவி கேட்டால் பதிவு செய்துவிட்டு, நோமோட்செட்டை எடுத்துவிட வேண்டும்.

ஏற்கெனவே ஃபார்மேட் போட்டுவிட்டால்

அந்த டிஸ்க்கில் இனி எதையும் ஏற்ற வேண்டாம். பழைய பேக்கப் பென் டிரைவ், மெயிலில் அனுப்பிய ஃபைல், ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் நகல் மூன்றையும் முதலில் தேடுங்கள். சென்னிமலைக் கடைக்காரருடைய ஆடிட்டரிடம் மார்ச் வரைக்கும் கணக்கு இருந்தது. ஏப்ரலில் இருந்து எதுவும் இல்லை. ஆனால் 2016இல் எனக்கு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் அவர் மாதாமாதம் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர் 1இல் கம்பெனிகளுக்குப் போட்ட விற்பனை பில்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டிஆர் 2பியில் நூல் வாங்கிய பில்கள் இருக்கின்றன. சில்லறை விற்பனை மொத்தத் தொகையாகத்தான் வரும், வரவேண்டிய பாக்கியும் ஸ்டாக்கும் வராது. அதற்குப் பில் புத்தகமும் பேங்க் ஸ்டேட்மென்டும்தான்.

தம்பி மூன்று ஞாயிறாக உட்கார்ந்து அடிக்கிறான். ஆகஸ்ட் வரை முடித்துவிட்டான். வரும் ஞாயிறு நானும் போகிறேன்.