காகம் தலையில் அடிக்கும் காலம்: கொழும்பில் சைக்கிள் ஓடுபவர்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்று. சைக்கிளில் போகிறவரின் பின்தலையில் "டப்" என்று ஓர் அடி விழுகிறது. கை தானாக மேலே போகிறது, தலை பின்னால் திரும்புகிறது, ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது. அடித்த காகத்தின் நிறை ஏறத்தாழ 300 கிராம், அதாவது ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அளவுதான். அந்த அடி ஆளை விழுத்தாது. அடுத்த இரண்டு விநாடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விழுவதும் தப்புவதும் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் மக்பை என்ற பறவை ஒவ்வோர் ஆண்டும் கூடு கட்டும் காலத்தில் சைக்கிள் ஓடுபவர்கள் மீது பாய்வது வழக்கம். 2019 செப்டெம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 76 வயதான ஒருவர் அப்படிப் பாய்ந்த ஒன்றிடமிருந்து விலகப் போய்ப் பாதையை விட்டு இறங்கினார். வேலிக்கம்பத்தில் மோதி விழுந்து, தலைக் காயத்தால் இறந்தார். அது பூங்கா ஓரப் பாதை. கொழும்பில் அதே விலகல் பஸ்ஸுக்கு முன்னாலோ, ஓரத்தில் நிற்கும் வானின் திறந்த கதவிலோ, மூடி உடைந்த கானிலோ போய் முடியலாம்.

ஆகவே முதல் பிழை, பறவையைப் பார்க்கத் திரும்புவது. ஓடும் சைக்கிளில் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ தோளும் அந்தப் பக்கம் போகும், தோளோடு ஹாண்டிலும் போகும். இரண்டாவது, ஒரு கையை எடுத்துத் தலைக்கு மேலே வீசுவது. நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் முன் சக்கரத்துக்குரியது. இடக்கையால் காகத்தை விரட்டிக்கொண்டு வலக்கையால் பதறிப் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் மட்டும் இறுகும், பின் சக்கரம் எழும்பும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். உங்கள் சைக்கிளில் எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதை இன்றே வீட்டு முற்றத்தில் உருட்டிப் பார்த்து வையுங்கள்.

அடி விழுந்ததும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கட்டும். தோளைக் கொஞ்சம் உயர்த்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள், கழுத்து மறையும். கண் முன்னால் பத்து மீற்றர் தூரத்து வீதியிலேயே நிற்கட்டும். இரண்டாவது, மூன்றாவது அடி விழலாம். தாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வாகனச் சத்தம் இல்லாத இடைவெளியில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து, இடது ஓரத்தில் நிறுத்தி இறங்குங்கள். இறங்கிய பிறகு காகத்தை நேராகத் திரும்பிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். காகம் அநேகமாகப் பின்னாலிருந்துதான் பாயும். முகம் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் கம்பியில் இருந்தபடி கத்துவதோடு நின்றுவிடும். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஐம்பது, அறுபது மீற்றர் நடந்தால் அதன் எல்லை முடிந்துவிடும்.

வேகமாக மிதித்துத் தப்பலாம் என்று நினைப்பவர்கள் பலர். ஒழுங்கையில் நீங்கள் போகக்கூடிய வேகம் மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர். காகத்துக்கு அது ஒரு வேகமே அல்ல. ஓடுவதைத் துரத்துவது அதற்கு எளிது, துரத்திய பின் நீங்கள் மறைந்துவிட்டால் விரட்டியதில் வென்றோம் என்றே அது எடுத்துக்கொள்ளும். நாளைக்கும் வரும்.

அது ஏன் அடிக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கொழும்பு நகரில் கூட்டமாகத் திரியும் சாம்பல் கழுத்துக் காகமும், முழுக் கறுப்பான அண்டங்காகமும் கூடு கட்டுவது ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் வரையான மாதங்களில்தான் அதிகம். சாம்பல் கழுத்துக் காகத்தின் முட்டை பொரிக்க 16, 17 நாட்கள். குஞ்சு கூட்டை விட்டு வெளிவர மேலும் மூன்று, நான்கு வாரங்கள். இந்த ஆறு வாரமும் ஒரே அளவு மூர்க்கம் இராது. குஞ்சு பறக்கப் பழகி, கிளையிலிருந்து மதிலுக்கும் மதிலிலிருந்து நிலத்துக்கும் தத்தும் அந்த ஒரு வாரம், பத்து நாள்தான் மோசமானது. அந்த நேரம் தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் நிற்கும். குயில் காகக் கூட்டில் முட்டையிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. குயில் குஞ்சையும் காகம் தன் பிள்ளை என்றே காக்கும். குயில் கூவுகிற மரத்தடியில் காகம் எரிச்சலோடு திரிவதில் வியப்பில்லை.

அடிக்கு முன் எச்சரிக்கை வரும், அதைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு பிழை. வழக்கமான "கா கா" அல்ல, இடைவிடாத கரகரத்த கத்தல். நீங்கள் நகர நகரக் கம்பிக்குக் கம்பி மாறிக் கூடவே வரும். அலகால் கிளையைக் கொத்தும், அதில் அலகைத் தேய்க்கும். இதைக் கண்டால் அங்கேயே இறங்கி நடக்கத் தொடங்குங்கள். கூடு எந்த மரத்தில் என்று பார்த்து வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு அடுத்த ஒழுங்கையால் போவது எல்லாவற்றிலும் நல்லது. கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் அடுத்தடுத்து இருக்கும்போது ஒன்றை விட்டுக்கொடுப்பதில் நட்டமில்லை.

காகம் தலையில் அடித்தால் சனி பிடித்தது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தலை முழுகி, கோவிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு நமக்குப் பிணக்கில்லை. தலை முழுகுவது நகக் கீறலுக்கும் நல்லதுதான். ஆனால் தோஷம் என்று முடிவு கட்டிவிட்டு மறுநாளும் அதே மரத்தடியால் போனால் மறுநாளும் அடி விழும். பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். "உன்னில் ஏதோ பிழை" என்று கேட்ட பிள்ளை சைக்கிளையே வெறுத்துவிடும்.

கல்லெறிவதும் தடி ஓங்குவதும் நீண்ட நாள் கணக்கைத் தொடக்கி வைக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோன் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டனர். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கத்தித் துரத்தின. பிடிபடாத காகங்களும் அந்த முகத்தைக் கற்றுக்கொண்டன, ஆண்டுகள் போயும் மறக்கவில்லை. அவை அமெரிக்கக் காகங்கள். ஆனால் ஒரே இனத் தொகுதி. நம் காகங்களைக் கல்லால் அடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

தலைக்கவசம் இல்லாமல் ஓடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போடுங்கள். நாடிப் பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்குங்கள். காற்றுத் துளைகள் பெரிதென்றால் உள்ளே மெல்லிய துணித் தொப்பி. கண்ணுக்குக் கண்ணாடி. அவுஸ்திரேலியர்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகளை முள்ளம்பன்றி போல நிறுத்தி வைப்பார்கள். அங்கேயே அது எல்லாப் பறவைக்கும் பலிப்பதில்லை, நெரிசலான நம் வீதியில் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் ஆபத்து. ஒரு கையில் குடை பிடித்து ஓடுவது அதைவிட மோசம். குடை காகத்தைத் தடுக்கும், ஆனால் ஒரு கையும் பாதிப் பார்வையும் போய்விடும்.

காலிமுகத்திடலில் நடப்பது வேறு கதை. அங்கே பாய்வது கூட்டுக்காக அல்ல, உங்கள் கையிலுள்ள இறால் வடைக்காக. ஓடிக்கொண்டே சாப்பிடுவதும், பாண் பையைக் ஹாண்டிலில் தொங்கவிடுவதும் காகத்தை அழைப்பது போன்றது. சாப்பாட்டை மூடிய பைக்குள் வையுங்கள். அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் சோறு வைப்பவர்கள் வீதியோரத்தில் வைக்காமல் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ வைத்தால் போய்வருவோருக்கு உதவி.

பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கத்து ஈரநிலங்களில் ஓடுபவர்களுக்கு ஆள்காட்டிக் குருவியும் பழக்கமாகியிருக்கும். வெறும் நிலத்தில் முட்டையிடும் பறவை அது. தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திப் பாயும், ஆனால் தொடுவது அரிது. அங்கே செய்யக்கூடாதது, பாதையை விட்டுப் புல்லுக்குள் சக்கரத்தை இறக்குவது. நிலத்தின் நிறத்திலேயே இருக்கும் நான்கு முட்டைகள் டயருக்குக் கீழே போய்விடும்.

நிலத்தில் காகக் குஞ்சு தத்துவதைக் கண்டு இரக்கப்பட்டுத் தூக்கப் போகாதீர்கள். அது அநாதையல்ல, பறக்கப் பழகுகிறது. நடுவீதியில் இருந்தால் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றாமல், ஒரு துணியால் மூடித் தூக்கிப் பக்கத்து மதிலிலோ செடியிலோ வைத்துவிட்டு உடனே விலகுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் குஞ்சும் பிழைப்பது கடினம், அந்த ஒழுங்கையில் உங்கள் முகமும் கெட்டுவிடும்.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். விசர்நாய் ஊசி தேவையா என்று பலர் பதறுவார்கள். அது பாலூட்டிகளால் பரவும் நோய், பறவைக் கீறலுக்கு அந்த ஊசி தேவையில்லை. ஏற்பு ஊசிதான் கேட்க வேண்டியது. கடைசியாகப் போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். விழுந்து தலை அடிபட்டு, பிறகு சத்தி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. கண்ணில் அலகோ நகமோ பட்டிருந்தால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், மருந்துக்கடைச் சொட்டு மருந்து விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, பார்வை தெளிவாகவே இருந்தாலும் அன்றைக்கே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.