பிள்ளைக்குக் கைச்செலவுக் காசு: எப்படிக் கொடுப்பது, எப்படிச் சேர்க்க வைப்பது

எட்டு வயதுப் பிள்ளையிடம் மாதக் காசை மொத்தமாகக் கொடுத்தால் நாலு நாளில் தீர்ந்துவிடும், அதனால் வாரா வாரம் ஞாயிறு காலையில் 50 ரூபாய், அதுவும் ஒரே நோட்டாக இல்லாமல் பத்து ரூபாய் நாணயம் ஐந்தாகக் கொடுங்கள், பிரித்து வைக்க அதுதான் வசதி. மண் உண்டியல் வேண்டாம். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு எடுங்கள். செலவுக்கு மூன்று நாணயம், சேமிப்புக்கு இரண்டு. என்ன வாங்கப் போகிறோம், என்ன விலை என்று பிள்ளையே எழுதிச் சேமிப்பு பாட்டிலில் ஒட்டட்டும். என் மகள் 'ஷட்டில் பேட் 240' என்று கோணல் மாணலாக எழுதி ஒட்டினாள், வாரம் 20 என்றால் 12 வாரம், அதற்குக் கட்டம் போட்டு ஞாயிறுதோறும் ஒன்றை அடித்துக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமையே செலவுக் காசு தீர்ந்து, பள்ளிக்கூட வாசல் மாங்காய்க் கீற்றுக்கு அழுகை வரும். கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் சேமிப்பில் கை வைப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், எடுத்துவிட்டால் திட்டவும் வேண்டாம்.

அப்புறம், பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த காசை 'நான் வச்சிருக்கேன்' என்று வாங்கிக்கொள்ளாதீர்கள், அதுவும் பாட்டிலுக்குத்தான் போக வேண்டும்.

பத்து வயது ஆனதும் அஞ்சலகத்தில் பிள்ளை பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம், 500 ரூபாய் போதும். பாஸ்புக்கைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.