நர்சரிப் பிள்ளைக்கு என்ன கொடுத்துவிடலாம்? பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

பிரிட்டனுக்கு வந்த முதல் சில மாதங்கள் வாடகை வீடு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, வங்கிக் கணக்கு என்று ஓடிவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் தின்பண்டத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பிஸ்கட் பாக்கெட் மலிவு, கிரிஸ்ப்ஸ் (உருளைக்கிழங்கு சிப்ஸ்) பாக்கெட் மலிவு, பிள்ளையும் அழாமல் சாப்பிடுகிறது. ஊரில் இட்லியும் சுண்டலும் சாப்பிட்டு வளர்ந்த குழந்தை இப்படித்தான் பாக்கெட் தின்பண்டத்துக்குப் பழகிவிடுகிறது. "இந்த நாட்டுச் சாப்பாட்டுக்குப் பழகட்டும்" என்று பெற்றோரே சமாதானம் சொல்லிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் இங்குள்ள நல்ல நர்சரிகளில் சிற்றுண்டி நேரத்துக்குப் பெரும்பாலும் வெட்டிய பழம், காய்கறித் துண்டு, பிரெட், சீஸ், பால், தண்ணீர் ஆகியவற்றையே தருகிறார்கள். நம் சமையலறையில் இருப்பது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. சில இடங்களில் மட்டும் இந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கும்போதே நர்சரியிடம் கேளுங்கள்: சிற்றுண்டி அவர்கள் தருவார்களா, நாம் கொடுத்துவிட வேண்டுமா? சில இடங்களில் எல்லாமே அவர்கள் பொறுப்பு. சில இடங்களில் மதிய உணவு மட்டும் வீட்டிலிருந்து போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 189 மில்லி பால் இலவசமாகக் கிடைக்கும் அரசுத் திட்டமும் உண்டு. உங்கள் நர்சரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் இவர்கள் காட்டும் கண்டிப்பு புதிதாக வருபவர்களைத் திகைக்கவைக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்காரும் குழந்தைக்கு ஒரு துணுக்கு நிலக்கடலையே மூச்சடைப்பைக் கொண்டுவரலாம். உணவுப் பொருள்களில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்கள் என்று இங்கே ஒரு சட்டப் பட்டியல் உண்டு. நிலக்கடலை, முந்திரி, பாதாம், பால், முட்டை, கோதுமை ஆகியவை அதில் இருப்பதை எளிதாக ஊகித்துவிடலாம். கடுகும் எள்ளும் இருப்பதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. கடுகு தாளித்த தயிர்சாதமும், நல்லெண்ணெய் தடவிய பொடி இட்லியும், எள்ளுருண்டையும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். நர்சரிக்குப் போகும் உணவில் நிலக்கடலையையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளையும் அறவே தவிருங்கள். தாளிப்புக்குக் கடுகை விட்டுவிட்டுச் சீரகமும் கறிவேப்பிலையும் போட்டால் மணம் குறையாது. எள், கடுகு பற்றிய விதி நர்சரிக்கு நர்சரி மாறும் என்பதால் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

சைவக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டை சாப்பிடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். கேக்கில் சேர்ந்த முட்டையும் கூடாதா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினையும் குறிப்பிடுங்கள். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில வகைத் தயிர் டப்பாக்கள் ஆகியவற்றில் மாட்டு அல்லது பன்றி ஜெலட்டின் இருக்கும். பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பைகளில் வருவது பெரும்பாலும் இந்த மிட்டாய்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஓர் ஆசிரியை இருப்பார். தண்ணீர், பசி, போதும் ஆகியவற்றை உங்கள் பிள்ளை எப்படிச் சொல்லும் என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். முதல் வாரங்களில் பல பிள்ளைகள் கேட்கத் தெரியாமலேயே பசியோடு திரும்புகின்றன.

இனி, வெட்டும் முறை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகள் கொடுக்கக் கூடாது என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் அறிவுரை. பாப்கார்னும் கடினமான மிட்டாயும் அப்படித்தான். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகவே நிற்கும், தொண்டையை அடைக்கும். காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி நீளவாக்கில் வெட்டுங்கள். சிறு தக்காளிக்கும் இதே முறைதான். பச்சைக் கேரட்டைத் துருவுங்கள் அல்லது ஆவியில் வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். முறுக்கு, கடலைமிட்டாய், தேங்காய்த் துண்டு இவையெல்லாம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தின்னக் கொடுத்துக்கொண்டே நடப்பதையும் விட்டுவிடுங்கள். பின்னால் தள்ளிக்கொண்டு போகிறவருக்குப் பிள்ளையின் முகம் தெரியாது.

நாளின் முக்கியமான சிற்றுண்டி நர்சரியிலிருந்து திரும்பியதும் கொடுப்பதுதான். மாலை மூன்றரை மணிக்குப் பிள்ளை பசியோடு வரும். நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில்தான் பிஸ்கட் டப்பா திறக்கிறது. அப்போது தின்பண்டம் தேடாமல் ஒரு குட்டிச் சாப்பாடே கொடுத்துவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது தகரடப்பாக் கொண்டைக்கடலைச் சுண்டல். உப்புச் சேர்க்காமல் தண்ணீரில் அடைத்த 400 கிராம் டப்பாவை எடுங்கள். கடலையை நன்றாக அலசி, அரை ஸ்பூன் எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரிந்ததும் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். இறக்கித் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு கடலையையும் இரு விரலுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். தோல் கழன்று தட்டையாகிவிடும், விக்காது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சைவப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

மற்றவை எளிதானவை: விரல் போல நறுக்கிய இட்லி, கேரட் துருவிய குட்டி ஊத்தப்பம், பயறு சேர்த்த பிட்டு, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இனிப்பில்லாத கெட்டித் தயிரில் மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கேழ்வரகு மாவு, அதாவது இலங்கையர் சொல்லும் குரக்கன் மாவு, கிடைக்கிறது. வெங்காயம் போட்ட கேழ்வரகு அடை ஆறிய பின்னும் மென்மையாக இருக்கும். சோறு கொடுப்பதானால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தயிர்சாதம் நர்சரிக்குப் போனால் டப்பாவோடு ஐஸ் பேக் ஒன்றும் போகட்டும்.

உப்புக்கும் அளவு உண்டு: ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு 2 கிராம், நான்கு முதல் ஆறு வயதுவரை 3 கிராம். ஊறுகாயும் அப்பளமும் கிரிஸ்ப்ஸும் சேர்ந்தால் அது சட்டென்று தாண்டிவிடும். உலர்ந்த திராட்சை, பேரீச்சை நல்லவைதான். ஆனால் பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சாப்பாட்டோடு கொடுங்கள், இடையில் கொறிக்க வேண்டாம். பாலுக்குப் பதில் தேநீரில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இங்கே தொடர வேண்டாம். தேநீர் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். பாலையும் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது. கொழுப்பு முற்றிலும் நீக்கிய பால் ஐந்து வயதுவரை ஏற்றதல்ல.

ஒன்று முதல் நான்கு வயதுவரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. கறுத்த தோலுள்ள நம் பிள்ளைகளுக்கு இந்த மங்கலான வெயில் போதாது, ஆகவே மறக்காதீர்கள்.

குளிர்காலத்தில் மாவு புளிக்கவில்லை என்று இட்லியைக் கைவிடுகிறவர்கள் உண்டு. ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஈடு ஊற்றி, ஆறியதும் ஃப்ரீசரில் போட்டுவிட்டால், வார நாள்களில் வேண்டியதை எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுக்கலாம்.