குளியலறைக் காட்சியை நான்கு முறை பார்ப்பது எப்படி?

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம், ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த ‘சைக்கோ’. அதே பாடத்தை நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதுவரை பார்க்காதவர் இந்த வரியோடு நிறுத்திவிட்டு, முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வாருங்கள். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டிருந்தார். விமர்சகர்களுக்கும் தனிக்காட்சி கிடையாது. பெரிய நட்சத்திரமான ஜேனட் லீ, படம் பாதியைத் தொடும் முன்பே குளியலறையில் கொல்லப்படுகிறார். தாமதமாக வருபவர் அவரைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். படத்தின் முடிவை நான் இங்கும் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் முறை அந்தக் குளியலறைக் காட்சியை மட்டும் ஓட்டி, ஒலியை முழுதாக அணைத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு, ஜேனட் லீ குழாயைத் திறப்பதிலிருந்து ஷாட் மாறும்போதெல்லாம் ஒன்றை இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். 78 கேமரா அமைப்புகள் (கேமராவை மாற்றி மாற்றி வைத்த நிலைகள்), 52 வெட்டுகள் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடங்கள்) என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும், கவலை வேண்டாம். கொலை தொடங்கியதும் உங்கள் கை பின்தங்கிவிடும். அதை உணர்வதற்குத்தான் இந்தப் பயிற்சி. தொலைக்காட்சித் தொடருக்கு வேலை செய்த குழுவை வைத்து, சுமார் எட்டு லட்சம் டாலரில் சிக்கனமாக எடுத்த படம் இது. ஆனாலும் இந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஏழு நாள் ஒதுக்கினார்கள்.

இப்போது மெதுவாக ஓட்டுங்கள். கத்தி உடலைக் கிழிப்பதைத் தெளிவாகக் காட்டும் ஷாட்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஓங்கிய கை, வயிறு, அலறும் வாய், தண்ணீர் இவ்வளவுதான். தாலி முடிச்சு விழும் கணத்தில் எனக்கும் சுற்றி நிற்பவர்களின் கைகள் மறைத்துவிடும். மணமகனின் விரல், மணமகளின் குனிந்த கழுத்து, பறக்கும் அட்சதை ஆகியவற்றைச் சரியாக அடுக்கினால், முடிச்சையே பார்த்ததாக வீட்டார் சொல்கிறார்கள்.

மூன்றாம் முறை திரைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். முதலில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். திரைச்சீலை விலகியதும் வயலின்கள் வீறிடும். இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். கத்திக் குத்தின் ஒலி, முலாம்பழ வகை ஒன்றைக் குத்திப் பதிவு செய்தது. கடைசியில் திரைச்சீலையின் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொள்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

நான்காம் முறை, கொலைக்குப் பின் வருவதை மட்டும் பாருங்கள். ரத்தம் (கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் சிரப்) வடிகாலில் சுழல்கிறது; அந்தக் கருந்துளை மெல்லக் கரைந்து, அசையாத ஒரு கண்ணாகிறது. அவ்வளவு வெட்டுகளுக்குப் பிறகு கேமரா நிதானமாகப் பின்வாங்குகிறது. என் மாணவர்கள் இந்த இடத்தில்தான் மூச்சு விடுகிறார்கள். இறந்தவர் லேசாக அசைந்ததை எடிட் செய்த பிரதியில் கண்டுபிடித்துத் திருத்தவைத்தவர் ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில்.

படம் வெளியானபோது லண்டன் ‘அப்சர்வர்’ விமர்சகர் சி. ஏ. லெஜூன் பாதியில் எழுந்து போனார். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி குரௌதர் முதலில் பெரிதாக மெச்சவில்லை, ஆண்டு இறுதியில் தன் சிறந்த பத்துப் படங்களில் சேர்த்துக்கொண்டார். கூட்டமோ முதலிலிருந்தே அலைமோதியது. நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, விருது ஒன்றும் இல்லை. அந்த நான்கில் இசையும் இல்லை, எடிட்டிங்கும் இல்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை. அடுத்த முறை தொடக்க எழுத்துகள் ஓடும்போது ‘எடிட்டிங்: ஜார்ஜ் டொமாசினி’ என்ற பெயர் வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.