போனில் தமிழ் தட்டச்சு: முதலில் கீபோர்டு, பிறகு போன், கடைசியில் சிம்

புது போன் வாங்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் கேமராவும் பேட்டரியும்தான். தமிழில் தட்ட எது வசதி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வாங்கிய பிறகு நாள் முழுக்கச் செய்வது என்னவோ தட்டுவதைத்தான். நான் கட்டுரைகளை முழுக்கப் போனிலேயே எழுதுகிறேன். அதற்காக நான்கைந்து முறைகளை மாற்றி மாற்றிப் பழகிப் பார்த்ததில் கிடைத்த பாடம் இது. கீபோர்டை எங்கிருந்து இறக்குவது, செட்டிங்ஸில் எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நீங்கள் எவ்வளவு எழுதுகிறீர்கள்?

ஒரு நாளைக்கு நாலு வரி பதில் போடுகிறவருக்கும் நாலு பக்கம் எழுதுகிறவருக்கும் ஒரே முறை பொருந்தாது. நாலு வரிக்காரர் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிக்கொள்ளும் முறையிலேயே இருக்கலாம். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. பக்கம் பக்கமாக எழுதுகிறவர், தமிழ் எழுத்துகளையே விசைகளாகக் கொண்ட தமிழ்99 அமைப்பைப் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு: பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டினால் வருவது பள்ளியா, பல்லியா? பரிந்துரைப் பட்டியலைப் பார்த்து நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உலவு, உழவு, உளவு மூன்றும் இப்படித்தான் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கண் மேலே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எழுத நினைத்த வாக்கியம் மனத்தில் கலைந்துவிடுகிறது. எனக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய இழப்பாகப் பட்டது.

ஆங்கில எழுத்துதான் வேண்டும், ஆனால் பட்டியல் வேண்டாம் என்பவர்களுக்கு அஞ்சல் முறை இருக்கிறது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் உறுதியான விசை உண்டு. ழ-வுக்கு இசட், ள-வுக்குப் பெரிய எல், ற-வுக்குப் பெரிய ஆர், ண-வுக்குப் பெரிய என். ஊகம் எதுவும் இல்லை, தட்டியதுதான் வரும். குறை என்னவென்றால், ஒவ்வொரு ள-வுக்கும் ற-வுக்கும் ஷிஃப்ட்டைத் தட்டியாக வேண்டும். கணினியில் அது பெரிதாகத் தெரியாது. கண்ணாடித் திரையில் கட்டைவிரலை மூலைக்கு நகர்த்தித் திரும்புவது சலிப்பாகிவிடும்.

படி 2: தமிழ்99 அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. ஐபோனில் 2013-ல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளமைந்தே வருகின்றன. 2005 முதல் இருக்கும் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியிலும் இந்த இரண்டும் உண்டு. ஆண்ட்ராய்டில் என் தேர்வு செல்லினம்தான்.

அமைப்பின் தர்க்கம் மிக எளிது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். நடுவரிசையில் குறில் இருந்தால் அதற்கு நேர் மேலே நெடில்: அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-க்கு மேலே ஏ. வலப்பக்க நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. தமிழில் அடிக்கடி வரும் இந்த எழுத்துகள் விரல் ஓய்ந்திருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. உயிர்மெய்க்கு மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் போதும். வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், மறுபடி வலது என்று மாறி மாறிப் போகும். இரண்டு கட்டைவிரல்களால் தட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அதனால்தான் ஒரு கையில் போனைப் பிடித்து அதே கையால் தட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

படி 3: புள்ளி. இங்கேதான் நான் ஒரு வாரம் திணறினேன்

தமிழ்99-ன் பெரிய வசதி, புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்வது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. ந, ன, ற, இ என்ற நாலே தட்டலில் நன்றி வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் மெய்யைத் தட்டி ஃ விசையைத் தட்டினால் புள்ளி. உயிருக்குப் பிறகோ சொல்லின் தொடக்கத்திலோ அதே விசை ஆய்தம் தரும். ஆகவே அஃது எழுதத் தனி வித்தை எதுவும் வேண்டாம்.

இதுவரை எல்லா விளக்கங்களிலும் இருப்பதுதான். யாரும் எனக்குச் சொல்லாதது, புள்ளி *வேண்டாத* இடத்தில் என்ன செய்வது என்பது.

தத்துவம் என்று எழுத நினைத்தேன். த, த, த, உ, வ, ம, ஃ. வந்தது "த்ததுவம்". அழித்துவிட்டு மெதுவாகத் தட்டினேன், மறுபடியும் அதுவே. செயலியில்தான் கோளாறு என்று நினைத்து அதை அகற்றிவிட்டு மீண்டும் நிறுவினேன். கடைசியில், வேறு எழுத்தைத் தட்டிப் பிறகு அழித்து, இடையில் செருகி எப்படியோ சொல்லை முடித்தேன். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

தீர்வு அ விசையில் இருந்தது. வெறும் த-வைத் தட்டினால் அது "இன்னும் முடியாத" எழுத்து. பின்னால் இன்னொரு த வந்தால் புள்ளி பெறக் காத்திருக்கிறது. அதன் பின் அ-வைத் தட்டினால் "இது முழு உயிர்மெய், இங்கே முடிந்தது" என்று சொன்னதாக ஆகிவிடும். திரையில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் அடுத்து வரும் த புதிதாகத் தொடங்கும். ஆக:

த, அ, த, த, உ, வ, ம, ஃ = தத்துவம்.

இது அபூர்வமான சொற்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். "விடடா" என்று நண்பனுக்கு அனுப்ப வ, இ, ட, ட, ஆ தட்டினால் "விட்டா" என்று போகும். பொருளே வேறு. வ, இ, ட, அ, ட, ஆ என்று தட்ட வேண்டும். மெல்லின இணைகளிலும் இதே சிக்கல்தான்: "நானறிந்த" என்று எழுதும்போது ன-வும் ற-வும் அடுத்தடுத்து வருவதால் "நான்றிந்த" ஆகிவிடும். ன-வுக்குப் பிறகு ஓர் அ தட்டினால் சரியாகிவிடும். சேர்த்தெழுதும் பழக்கம் உள்ளவர்களும் செய்யுள் எழுதுகிறவர்களும் இதைக் கைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு இந்த ஐந்தையும் பார்க்காமல் தட்ட வரும்வரை திரும்பத் திரும்ப அடியுங்கள்: சிந்தனை, வாழ்க்கை, தத்தளிப்பு, பொறுமை, நானறிவேன். சிந்தனை ஆறு தட்டல்தான்: ச, இ, ந, த, ன, ஐ. எனக்குப் பத்தாவது நாள் பழைய வேகம் திரும்பியது. அதுவரை ஆங்கில எழுத்து கீபோர்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்99 என்று பெயர் போட்டுக்கொண்ட எல்லாச் செயலிகளும் புள்ளி விதிகளை முழுதாகப் பின்பற்றுவதில்லை. நிறுவியவுடன் ம-வை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். "ம்ம" வந்தால் வைத்துக்கொள்ளலாம். "மம" என்று நின்றால் அகற்றிவிடுங்கள்.

மற்ற முறைகள்

விரலை எடுக்காமல் இழுத்து எழுதும் முறை ஆங்கிலத்துக்கு அருமை, தமிழுக்கு அரைகுறை. அது அகராதியை நம்பி வேலை செய்வது. நம் சொற்களோ ஒட்டிக்கொண்டே நீள்பவை. "போயிருந்தவர்களுக்காகத்தான்" என்பது எந்த அகராதியில் இருக்கும்?

குரல் தட்டச்சை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். "அதைச் சொன்னான்" என்றால் பல நேரம் "அதை சொன்னான்" என்று விழுகிறது, ஒற்றுகளை நாமே போட வேண்டும். கையெழுத்து முறை, தட்டச்சே பழகாத பெரியவர்களுக்கு நான் முதலில் போட்டுக்கொடுப்பது. ஜிபோர்டில் தமிழுக்கு அது உண்டு. மெதுவானதுதான், ஆனால் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை.

படி 4: இப்போது போனைப் பாருங்கள்

திரை எத்தனை அங்குலம் என்று விளம்பரத்தில் போடுவது மூலைவிட்ட அளவு. தட்டுவதற்கு வேண்டியது அகலம். ஆங்கில அமைப்பில் மேல்வரிசைக்குப் பத்து விசை, தமிழ்99-ல் பன்னிரண்டு. அதனால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும்.

நான் போட்ட கணக்கு இது. 19.5:9 விகிதத்தில் 6.1 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 65 மி.மீ. பழைய 16:9 விகிதத்தில் 5.5 அங்குலத் திரையின் அகலம் 68 மி.மீ.க்கும் மேல். "சின்னது" என்று நாம் ஒதுக்கிய பழைய போன்தான் தட்டுவதற்கு அகலமானது! 6.7 அங்குலத்துக்கு (19.5:9) சுமார் 71 மி.மீ. பன்னிரண்டால் வகுத்தால் விசைக்கு 5.4, 5.7, 5.9 மி.மீ. கேட்கச் சிறிய வித்தியாசம்தான், ஆனால் ட-வுக்கும் ண-வுக்கும் நடுவில் விரல் விழும்போது தெரியும். ஒப்பிடும்போது மூலைவிட்டத்தை விட்டுவிட்டு, விவரப் பட்டியலில் போனின் அகலத்தைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் கையில் வாங்கி இரண்டு கட்டைவிரல்களாலும் நடுவைத் தொட்டுப் பாருங்கள். மிகப் பெரிய போனில் விசை அகலம், ஆனால் விரல் எட்டாது.

படி 5: சிம் நிறுவனம்

தட்டச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இணையச் செயலிகளில் மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்குச் சம்பந்தம் உண்டு.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழை வழக்கமாக 16 பிட்டில் அனுப்புவதால் 70 இடம்தான். அதைத் தாண்டினால் செய்தி பகுதிகளாகப் பிரியும், பகுதிகளை ஒட்டும் குறிப்புக்கும் இடம் போக ஒவ்வொன்றிலும் 67. அந்த இடமும் எழுத்துக் கணக்கு இல்லை: கா என்பது க ஒன்று, கால் ஒன்று என இரண்டு இடம். க் என்பதும் இரண்டு. "நாளை காலை வருகிறேன்" என்பதில் எழுத்து ஒன்பது, இடைவெளி இரண்டு, ஆனால் பிடிக்கும் இடம் 19. ஆங்கிலச் செய்தியின் நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ எமோஜியோ போட்டாலும் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறிவிடும்.

ஆகவே திட்டங்களை ஒப்பிடும்போது "நாளுக்கு இத்தனை எஸ்எம்எஸ்" என்ற எண்ணைத் தமிழுக்குப் பாதிக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். பகுதிகள் தனித்தனியாகக் கணக்கிடப்படுமா என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள். குரல் தட்டச்சை நம்புகிறவர்கள், நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து எழுதும் இடத்தில் எந்த நிறுவனத்தின் இணையம் சீராக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள், உங்கள் கீபோர்டுக்கு இணையம் தேவையா என்பது உடனே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு ஒருவர், "ஔவை என்று சேமித்த குறிப்பைத் தேடினால் கிடைக்கவில்லை" என்றார். திரையில் ஔவை சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தார். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கௌரவம் போன்ற சொற்களிலும் இதே தவறு நடக்கும். சோதிப்பது எளிது: அந்த எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழியுங்கள். ஔ முழுதாகப் போனால் சரி. ள மட்டும் போய் ஒ மிஞ்சினால் தவறு. தமிழ்99-ல் ஔ கீழ்வரிசையின் இடக்கோடியில் இருக்கிறது.

பின்சேர்க்கை 2

இன்னொருவருக்கு "எங்கள்" என்ற சொல்லே தேடலில் சிக்கவில்லை. அவர் விசையை அழுத்திப் பிடித்ததில் எ-வுக்குப் பதில் தமிழ் எண் ௭ விழுந்திருந்தது. ௧-வும் க-வும், ௨-வும் உ-வும், ௮-வும் அ-வும் இதேபோல ஏமாற்றும். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. சந்தேகம் வந்தால் அந்த எழுத்தை அழித்துவிட்டு, அழுத்திப் பிடிக்காமல் ஒரே தட்டாகத் தட்டிவிடுங்கள்.