ஹாஸ்டல் வைஃபையில் தளம் திறக்கவில்லையா? அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்குத் தெரியும், நல்ல குறிப்புகள் நிறைய பிளாக்ஸ்பாட்டில்தான் கிடக்கின்றன. கிருஷ்ணகிரியில் நான் தங்கிப் படித்த ஹாஸ்டலின் வைஃபையில் பிளாக்ஸ்பாட் மொத்தமும் திறக்காது. தமிழ் இலக்கணம் தேடினாலும் அடைப்பு, பொருளாதாரம் தேடினாலும் அடைப்பு. அதை எப்படிச் சரிசெய்தேன் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவர்கள் செய்வது பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் படும் இலவச விபிஎன்னை (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) இறக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காரணம் கீழே இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் உங்கள் பாடத்தைப் பார்த்து அடைக்கவில்லை. ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் கருவி) நிறுவனங்கள் தளங்களைச் சூதாட்டம், ஆபாசம், சமூக ஊடகம், தனிநபர் வலைப்பதிவு, புதிதாகப் பதிவான முகவரி என்று வகை பிரித்து வைத்திருக்கின்றன. நிர்வாகி ஒரு வகையில் டிக் அடித்தால் அந்த வகையில் உள்ள எல்லாம் போகும்.

படி 1: அதே முகவரியை மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்

அங்கேயும் திறக்கவில்லை என்றால் பிரச்சினை ஹாஸ்டலில் இல்லை. தளமே படுத்திருக்கலாம். அல்லது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசு முடக்கிய தளமாக இருக்கலாம். அது வேறு விஷயம், இந்தப் பதிவு அதற்கானது இல்லை.

படி 2: திரையில் வரும் செய்தியைப் படியுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மருந்தே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பர்கூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறீர்கள், 'அப்படி ஒரு பஸ்ஸே இல்லை' என்கிறார்கள். இதுதான் டிஎன்எஸ் அடைப்பு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரே கையை விரித்துவிடுகிறது. உலாவியில் 'முகவரி கிடைக்கவில்லை', 'என்எக்ஸ்டொமைன்' என்ற மாதிரி வரும். இது எளிய வகை.

இரண்டாவது வகையில் கவுண்டரில் சரியாகவே சொல்வார்கள், பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கேட்டு இறக்கிவிடுவார். பாதுகாப்பான தளத்துக்குப் போனாலும், இணைப்பு தொடங்கும்போது உங்கள் உலாவி தளத்தின் பெயரைப் பொதுவாக வெளிப்படையாகவே அனுப்புகிறது. இதற்கு எஸ்என்ஐ என்று பெயர். ஃபயர்வால் அதைப் படித்து இணைப்பை அறுத்துவிடும். 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று வந்தால் பெரும்பாலும் இதுதான். இதற்கு டிஎன்எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

மூன்றாவது, கல்லூரியின் பெயரோடு 'இந்தப் பக்கம் இன்ன வகையில் வருவதால் தடுக்கப்பட்டது' என்று ஒரு பக்கம் வரும். சில சமயம் அதற்கு முன் சான்றிதழ் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்க் கடவுச்சொல் எதையும் அடிக்காதீர்கள்.

படி 3: கேளுங்கள்

மூன்றாவது வகைக்கு இதுதான் என் முதல் மருந்து, வேலையும் செய்கிறது. 'பிளாக்ஸ்பாட்டைத் திறந்துவிடுங்கள் சார்' என்று கேட்டால் நடக்காது. உங்களுக்கு வேண்டிய அந்த ஒரே வலைப்பதிவின் முழு முகவரி, அடைப்புப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அதில் உள்ள வகையின் பெயர், எதற்காக வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவையும் வைத்து வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் லேப் சாருக்கு மெயில் அனுப்புங்கள். ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுப்பது அவருக்குச் சின்ன வேலை. தளம் தவறான வகையில் இருந்தால், ஃபோர்ட்டினெட் போன்ற ஃபயர்வால் நிறுவனங்களின் இணையப் பக்கத்திலேயே வகையை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

படி 4: டிஎன்எஸ் அடைப்பு என்றால், உங்கள் சொந்த போனில் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்

ஆண்ட்ராய்டு 9-இல் இருந்து இந்த வசதி உண்டு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்பதைத் தேடுங்கள். போனுக்குப் போன் இடம் மாறும், அதனால் மேலே உள்ள தேடல் பெட்டியில் அடித்துப் பார்ப்பதே சுலபம்.

நான் நெடுநேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான், உங்களில் பலரும் இங்கேதான் மாட்டுவீர்கள். இணையத்தில் எங்கே பார்த்தாலும் '1.1.1.1 போடு', '8.8.8.8 போடு' என்றுதான் இருக்கும். பிரைவேட் டிஎன்எஸ் பெட்டி எண்ணை ஏற்காது. அதற்கு வேண்டியது சர்வரின் பெயர். 1.1.1.1 தரும் கிளவுட்ஃப்ளேர் வேண்டுமென்றால் 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து, எல்லாம் சிறிய எழுத்தில் அடியுங்கள். 8.8.8.8 தரும் கூகுள் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் டிஎன்எஸ், புள்ளி, கூகுள். முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்கக் கூடாது, கடைசியில் இடைவெளி விடக் கூடாது. ஆட்டோ கரெக்ட் சில போன்களில் புள்ளிக்குப் பின்னால் இடைவெளியைத் தானாகச் சேர்க்கும், அதையும் பாருங்கள்.

சேவ் செய்த பிறகு போனில் இணையமே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பிரைவேட் டிஎன்எஸ் பொதுவாக 853 என்ற போர்ட் (வாசல் எண் மாதிரி) வழியாகப் போகிறது, பெயரைச் சரியாக அடித்திருந்தால், பெரும்பாலும் உங்கள் ஹாஸ்டல் அந்த போர்ட்டை மூடியிருக்கிறது என்று பொருள். 'ஆட்டோமேட்டிக்' என்று திருப்பி வைத்தால் பழையபடி வந்துவிடும். பதிலுக்கு உலாவியிலேயே மாற்றலாம். குரோமில் 'செக்யூர் டிஎன்எஸ்', ஃபயர்ஃபாக்ஸில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்'. இவை வழக்கமான தளங்கள் போகும் 443 போர்ட்டிலேயே போவதால் அந்த அடைப்பில் சிக்குவது குறைவு. என் விருப்பம் ஃபயர்ஃபாக்ஸ்தான். அதில் 'மேக்ஸ் புரொடெக்‌ஷன்' வைத்தால் பழைய டிஎன்எஸ்ஸுக்கு நமக்குத் தெரியாமல் திரும்பிப் போகாது.

லாகின் பக்கம் வரும் வைஃபையாக இருந்தால் முதலில் ஆட்டோமேட்டிக்கில் வைத்து லாகின் செய்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். இல்லாவிட்டால் லாகின் பக்கமே வராமல் போகலாம்.

படி 5: எஸ்என்ஐ அடைப்பு என்றால்

உங்கள் சொந்த டேட்டாவைப் பயன்படுத்துங்கள். படிக்கும் பக்கங்களுக்கு ஆகும் டேட்டா மிகக் குறைவு. ஹாட்ஸ்பாட்டை விட யுஎஸ்பி டெதரிங்தான் (கேபிளில் போனை லேப்டாப்போடு இணைத்து டேட்டா கொடுப்பது) நல்லது. போனும் சார்ஜ் ஏறும், ஒரே கட்டடத்தில் ஐம்பது வைஃபைகள் மோதும் தொல்லையும் இல்லை.

விபிஎன் கட்டாயம் வேண்டுமென்றால் நான் சொல்வது புரோட்டான் விபிஎன். அதன் இலவசத் திட்டத்தில் டேட்டா வரம்பு கிடையாது. மற்ற இலவச விபிஎன்களை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு வழியாகத் திறந்துவிட்டது 2015-இல் வெளியே வந்தது. ஃபேஸ்புக் நடத்திய ஓனாவோ பயனர்களின் போன் பழக்கங்களைச் சேகரித்ததால் 2018-இல் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து நீங்கியது. எந்த ஆப்பாவது 'ரூட் சான்றிதழ் நிறுவு' என்று கேட்டால் அந்த நொடியே அதை நீக்குங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் உங்கள் வங்கிப் பக்கத்தைக்கூட நடுவில் நின்று படிக்க முடியும்.

இணையமே வேண்டாத ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அஞ்செட்டிப் பக்கம் மலையில் சிக்னல் கிடைக்காத ஊருக்குப் போனாலும் திறக்கும். சமச்சீர் பாடநூல்களும் அரசுத் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசம். வீட்டுக்குப் போகும்போது இறக்கிக்கொண்டு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பின்சேர்ப்பு: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் கம்பெனி லேப்டாப்பில் குரோமின் செக்யூர் டிஎன்எஸ் மாற்றவே முடியாமல் மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கணினியில் அப்படித்தான் இருக்கும். அதை உடைக்க முயலாதீர்கள் அண்ணா. அது அவர்கள் பொருள், வேலைக்கே ஆபத்து. சொந்தப் போனில் பாருங்கள்.

மீண்டும் ஒரு பின்சேர்ப்பு: விண்டோஸ் 11-இல் 1.1.1.1 போட்டும் மாறவில்லை என்று தர்மபுரியிலிருந்து ஒரு தங்கை எழுதினாள். ஐபிவி4-இல் (பழைய முகவரி முறை) மட்டும் மாற்றியிருந்தாள், ஐபிவி6 (புதிய முறை) பழைய ரவுட்டரையே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டிலும் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் அவள் கல்லூரியில் மட்டும் வரவில்லை. சில வைஃபை கருவிகள் 1.1.1.1 என்ற எண்ணைத் தங்கள் லாகின் பக்கத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் குவாட்9 என்ற வேறொரு டிஎன்எஸ்ஸின் எண்ணான 9.9.9.9 போடச் சொன்னேன், திறந்துவிட்டது.